மும்பைக்கு நேர் தெற்கே

வரைபடத்தில் மும்பையின் மேல் அளவுகோலை வைத்து, தெற்குப் பார்த்து ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கிழக்குத் தீர்க்கரேகை 73 டிகிரியை ஒட்டி அது இறங்கும். முதலில் லட்சத்தீவு. அடுத்து மாலத்தீவு. அதற்கும் கீழே அமெரிக்க ராணுவத் தளம் இருக்கிற டியேகோ கார்சியா. ஊர், சந்தை, பள்ளிக்கூடம் என்று சொல்லும்படியான இடங்கள் அதற்கு முன்பே தீர்ந்துபோகும். பிரான்ஸுக்குச் சொந்தமான கெர்கெலன் தீவு கொஞ்சம் மேற்கே ஒதுங்கிக் கிடக்கும். பிறகு பெரும்பாலும் வெறும் கடல். சுமார் 9,800 கிலோமீட்டர் போனதும் கோடு ஒரு வெள்ளைச் சுவரில் முட்டும். அதன் பெயர் ஏமரி பனித்தட்டு. அங்கே தொடங்குகிறது அண்டார்டிகா.

இடையில் வேறு கண்டம் எதுவும் குறுக்கே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வடக்கே டெல்லியைப் பார்த்தும் மேற்கே துபாயைப் பார்த்துமே வாழப் பழகிய நகரம் இது. தெற்கே திரும்பினால் தாராவிக்காரருக்கு ஞாபகம் வருவது திருநெல்வேலி, மாட்டுங்காக்காரருக்குப் பாலக்காடோ கும்பகோணமோ. கடல்வழியாகப் பார்த்தால் நம் தெற்கு எல்லையில் இருக்கிற அண்டை வீட்டுக்காரர் அண்டார்டிகாதான். அந்த வீட்டில் நடப்பது மாஹிம் கழிமுகத்தின் நீர்மட்டத்தையும் தொடுகிறது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

தபால் துறை இதை நமக்கு முன்பே புரிந்துகொண்டுவிட்டது. 2024 ஏப்ரல் 5-ஆம் தேதி, அண்டார்டிகாவில் இந்தியாவின் 'பாரதி' ஆய்வு நிலையத்தில் ஒரு தபால் நிலையம் திறக்கப்பட்டது. திறந்துவைத்தது மகாராஷ்டிரத் தபால் வட்டம். அதற்குக் கொடுக்கப்பட்ட பின்கோடு எம்ஹெச்-1718. ஆட்டோ ரிக்‌ஷாவின் நம்பர் பலகையில் நாம் தினமும் பார்க்கிற அதே எம்ஹெச். இதற்கு முன் 1984-இல் 'தட்சிண் கங்கோத்ரி' ஆய்வு நிலையத்திலும், 1990-இல் 'மைத்ரி'யிலும் தபால் நிலையங்கள் வந்தன. முதல் நிலையத்தில் ஓர் ஆண்டுக்குள்ளேயே ஏறத்தாழ 10,000 கடிதங்களுக்கு முத்திரை குத்தினார்கள். எல்லாம் தபால்தலை சேகரிப்பவர்களின் ஆசை. கடிதங்கள் கோவாவில் இருக்கும் தேசியத் துருவ, பெருங்கடல் ஆய்வு மையத்தில் சேர்ந்து, பயணக் குழுவோடு போய், முத்திரை வாங்கித் திரும்பும். வருடத்துக்கு ஒரு தடவை. நம்மூர்த் தபாலைக் குறை சொல்கிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

சாதனைப் பட்டியலுக்குள் அடங்காத கண்டம்

அண்டார்டிகா என்றதும் பள்ளிக்கூட வினாடிவினா ஞாபகம்தான் பலருக்கு. உலகிலேயே குளிரானது, காற்று அதிகமானது, வறண்டது, உயரமானது. எல்லாமே உண்மை. ஆனால் எண்ணை மட்டும் சொன்னால் மனதில் ஏறாது. மும்பைக் கணக்கில் பார்ப்போம்.

மும்பையில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.4 டிகிரி, 1962 ஜனவரியில், சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில். ரஷ்யர்களின் வோஸ்டாக் நிலையத்தில் 1983 ஜூலை 21 அன்று தரையிலிருந்த வெப்பமானி காட்டியது மைனஸ் 89.2. பூமியில் கருவி வைத்து அளந்த குளிரில் இதுதான் உச்சம். கிழக்கு அண்டார்டிக மேட்டில் சில பள்ளங்களில் பனியின் மேற்பரப்பு மைனஸ் 98 வரை போவதைச் செயற்கைக்கோள்கள் பிறகு கண்டன.

2021 மே 17 அன்று தவ்தே புயல் நம் கரையை உரசிப் போனபோது கொலாபாவில் காற்று மணிக்கு 114 கிலோமீட்டரைத் தொட்டது. அன்று சாய்ந்த மரங்களை மாட்டுங்காவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அண்டார்டிகாவின் டெனிசன் முனையில் 1912-இல் டக்ளஸ் மாசனின் ஆய்வுக் குழு மரக்குடில் கட்டித் தங்கியது. அங்கே ஆண்டு முழுவதற்குமான சராசரிக் காற்றே மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அதே கரையில் இருக்கும் பிரெஞ்சு நிலையமான துமோன் துர்வீலில் 1972-இல் 327 கிலோமீட்டர் பதிவாகியிருக்கிறது. இது புயல் கொண்டுவரும் காற்று அல்ல. கண்டத்தின் நடுமேட்டில் பனியைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று குளிர்ந்து கனக்கிறது. கனத்த காற்று சரிவில் உருண்டு இறங்குகிறது. கரையை அடையும்போது வேகம் அசுரத்தனமாகிவிடுகிறது. வானம் துல்லியமாக நீலமாக இருக்கும்போதே ஆளைத் தூக்கிப் போடும்.

இனி மழை. 2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர். அதே நாளில் கொலாபாவில் பெய்தது 75 மில்லிமீட்டருக்குள்தான் என்பது மும்பையின் விசித்திரம். அண்டார்டிகாவின் உட்பகுதியில் விழும் பனியை உருக்கி அளந்தால் ஆண்டுக்கு 50 மில்லிமீட்டர்கூடத் தேறாது. நாம் ஒரே நாளில் வாங்கிக் கட்டிக்கொண்டது அங்கே சேர இருபது ஆண்டுகள் ஆகும். உலகின் மிகப் பெரிய பாலைவனம் சகாரா அல்ல, இதுதான்.

அப்படியானால் அவ்வளவு பனி எங்கிருந்து வந்தது? விழுவது கொஞ்சம், ஆனால் விழுந்தது உருகுவதில்லை. லட்சக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கு மேல் அடுக்காக அமுங்கி, சராசரியாக இரண்டு கிலோமீட்டர் தடிமனுக்கு ஏறியிருக்கிறது. சில இடங்களில் 4,700 மீட்டருக்கும் மேலே. பரப்பளவு சுமார் 140 லட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது நான்கு இந்தியாவுக்கும் கூடுதல். உலகத்துப் பனியில் பத்தில் ஒன்பது பங்கு அங்கே இருக்கிறது. அந்தப் பாரத்தில் அடித்தளப் பாறையே பல இடங்களில் கடல் மட்டத்துக்குக் கீழே அமிழ்ந்துவிட்டது. டென்மன் பனியாற்றின் அடியில் இருக்கும் பள்ளம் கடல் மட்டத்துக்கு 3,500 மீட்டர் கீழே. பனிக்கு அடியில் முழு மலைத்தொடர்களும் இருக்கின்றன, ஏரிகளும் இருக்கின்றன. வோஸ்டாக் ஏரி சுமார் 250 கிலோமீட்டர் நீளம். ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் பனியைத் துளைத்து ரஷ்யர்கள் அதன் தண்ணீரைத் தொட்டது 2012 பிப்ரவரியில்தான்.

அந்தப் பனி அடுக்குகளுக்குள் பழைய காற்றுக் குமிழிகள் சிறைப்பட்டிருக்கின்றன. ஐரோப்பியக் குழு ஒன்று 2025 ஜனவரியில் 2,800 மீட்டர் ஆழம் வரை துளைத்து, குறைந்தது 12 லட்சம் ஆண்டுகள் பழைய பனியை மேலே கொண்டுவந்தது. மனித இனம் உருவாகும் முன்பு உலகத்தின் மூச்சு எப்படி இருந்தது என்பதைக் குமிழியை உடைத்தே அளக்கலாம். எனக்கு இந்தக் கண்டத்தின் எந்தச் சாதனையையும்விட இதுதான் பெரிதாகப் படுகிறது.

ஆடிய பல்லும் விழுந்த பல்லும்

நம் கோடு முட்டிய ஏமரிக்குத் திரும்புவோம். பனித்தட்டு என்பது கண்டத்துப் பனி கடலுக்குள் நீண்டு மிதக்கும் பகுதி. ஏமரிக்குப் பின்னால் இருப்பது லாம்பர்ட் பனியாறு: 400 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், அகலம் சில இடங்களில் நூறு கிலோமீட்டரை நெருங்கும். உலகின் மிகப் பெரிய பனியாறுகளில் முதல் வரிசை. கிழக்கு அண்டார்டிகாவின் பனியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இந்த ஒரே வழியாகக் கடலை நோக்கி நகர்கிறது.

2000-ஆம் ஆண்டு வாக்கில் ஏமரியின் முகப்பில் இரண்டு பெரிய விரிசல்கள் வளர்ந்து, ஒரு துண்டு தொங்கிக்கொண்டு நிற்பதை விஞ்ஞானிகள் செயற்கைக்கோள் படங்களில் கவனித்தார்கள். அதற்கு 'ஆடும் பல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்று விழும், நாளை விழும் என்று வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். 2019 செப்டம்பர் 26 அன்று ஒரு துண்டு உடைந்தது. ஆடிய பல் அல்ல, அதற்குப் பக்கத்தில் ஆடாமல் இருந்த கடைவாய்ப் பல்! 1,636 சதுர கிலோமீட்டர். கிரேட்டர் மும்பையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். டி-28 என்று எண் கொடுக்கப்பட்டு அது மிதந்து போனது.

அதே 2019-இல், சில மாதங்களுக்கு முன், நடுக்குளிர்காலத்தில், அதே ஏமரியின் மேல் இருந்த ஒரு பெரிய ஏரி காணாமல் போயிருக்கிறது. மேலே பனிமூடி, உள்ளே தண்ணீர் என்று இருந்த ஏரி. அடியில் பனித்தட்டு விரிந்து, அறுபது கோடி கன மீட்டருக்குக் குறையாத தண்ணீர் சில நாட்களில் கடலுக்குள் இறங்கிவிட்டது. மிஞ்சியது இடிந்த பனிப்பள்ளம். யாரும் பக்கத்தில் இல்லை. பிறகு செயற்கைக்கோள் படங்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

இங்கே பதறிவிடக் கூடாது. பனித்தட்டு உடைவதெல்லாம் உலகம் சூடாவதன் அடையாளம் என்று வாட்ஸ்அப்பில் வரும். டி-28 உடைந்தது ஏமரியின் இயல்பான சுழற்சி என்பதுதான் அந்தத் துறைக்காரர்களின் கணிப்பு. அறுபது எழுபது வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஒரு பெரிய துண்டை அது உதிர்க்கும். தவிர, மிதக்கும் பனி உடைந்தாலும் உருகினாலும் கடல் மட்டம் ஏறாது. தன் எடைக்கான தண்ணீரை அது ஏற்கெனவே விலக்கிவிட்டது. அபாயம் வேறு இடத்தில் இருக்கிறது. சாத்திய கதவுக்கு அண்டை கொடுத்த கல்லைப் போல, பின்னால் இருக்கிற பனியாற்றைத் தடுத்து நிறுத்தியிருப்பது இந்தத் தட்டுதான். கல் நகர்ந்தால் கதவு திறக்கும்.

ஏமரியின் கதவு இப்போதைக்குப் பத்திரம். மேற்கு அண்டார்டிகாவின் துவைட்ஸ் பனியாறு அப்படி இல்லை. தமிழ்நாட்டைவிடப் பெரிய அந்தப் பனியாற்றின் அடியில் வெதுவெதுப்பான கடல்நீர் புகுந்து அரித்துக்கொண்டிருக்கிறது. அது முழுதும் கரைந்தால் உலகக் கடல் மட்டம் சுமார் 65 சென்டிமீட்டர் ஏறும். கிழக்கிலும் ஆச்சரியங்கள் தொடங்கிவிட்டன. 2022 மார்ச் 18-ஆம் தேதி, கடற்கரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் கான்கார்டியா நிலையத்தில் வெப்பநிலை மைனஸ் 12-ஐயும் தாண்டி ஏறியது. அந்தப் பருவத்தில் அங்கே மைனஸ் 50 சாதாரணம். வழக்கத்தைவிட ஏறத்தாழ 40 டிகிரி கூடுதல். ஒரு மே மாத மத்தியானத்தில் மும்பையில் 73 டிகிரி அடித்தால் எப்படி இருக்கும், அப்படி. அதே வாரத்தில் அந்தக் கரையோரத்தில் காங்கர் என்ற பனித்தட்டு முழுதாகச் சிதறியது. அடுத்த ஆண்டு, 2023-இல், குளிர்காலத்தில் கண்டத்தைச் சுற்றி உறையும் கடல்பனி 170 லட்சம் சதுர கிலோமீட்டரைக்கூட எட்டவில்லை. செயற்கைக்கோள் காலத்தில் அதுவே ஆகக் குறைவு.

பல்லாவரத்துக் கல்

மும்பையின் தரை எரிமலைக் குழம்பு உறைந்த கருங்கல். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணம் முழுக்கப் பரவிய குழம்பு அது. அதைக் கக்கிய வெப்ப ஊற்று பூமியின் அடியில் அதே இடத்தில் இருக்க, இந்தியத் தட்டு அதன் மேல் வடக்கு நோக்கி நகர்ந்தது. நகர்ந்த தடத்தில் எழுந்ததுதான் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் தீவுகளைத் தாங்கும் கடலடி மலைமுகடு. நாம் முதலில் இழுத்த கோட்டில் வந்த அதே தீவுகள்! அந்தக் கோட்டின் மேல்பாதி, மும்பை தெற்கேயிருந்து வந்த வழி.

கிளம்பிய இடம் அண்டார்டிகா. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை இந்தியாவின் கிழக்குக் கரையும் இலங்கையும் கிழக்கு அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்தன. லாம்பர்ட் பனியாறு ஓடும் பிளவும், ஒடிசாவில் மகாநதி ஓடும் பிளவும் ஒரு காலத்தில் ஒன்றின் தொடர்ச்சி என்கிறார்கள் நிலவியலாளர்கள். ஏமரிக்குப் பக்கத்து மலைகளில் நிலக்கரி இருக்கிறது. அதில் குளோசோப்டெரிஸ் என்ற பழங்காலச் செடியின் நாக்கு வடிவ இலைகள் பதிந்திருக்கின்றன. ஜார்க்கண்ட், ஒடிசா நிலக்கரியிலும் அதே இலை. நிலக்கரி இருந்தென்ன, தோண்ட முடியாது: 1991-இல் கையெழுத்தாகி 1998-இல் அமலுக்கு வந்த மாட்ரிட் உடன்பாடு அங்கே சுரங்கத்தைத் தடை செய்திருக்கிறது.

சென்னை பல்லாவரத்தில், பரங்கிமலையில் காணப்படும் நீலச்சாயல் கொண்ட கரும்பாறைக்கு சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கு அந்தக் கல் பயன்பட்டதால், தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1890-களில் வைத்த பெயர். ஆஸ்திரேலியாவின் மாசன் நிலையம் அண்டார்டிகாவில் எந்தப் பாறை மேல் நிற்கிறது தெரியுமா? சார்னோக்கைட். தாம்பரம் போகிற மின்சார ரயிலிலிருந்து பார்க்கிற அதே வகைக் கல்.

இந்த இடத்தில் கழுதைகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியவில்லை. தென்துருவத்தை இரண்டாவதாக அடைந்து திரும்பும் வழியில் ஸ்காட் குழு 1912-இல் இறந்துபோனது. அவர்களைத் தேடிப் போன குழுவில், இந்திய அரசு அனுப்பிய ஏழு கோவேறு கழுதைகள் இருந்தன. லால் கான், குலாப், பேகம், ராணி, ஹைதராபாத், பியாரி, கான் சாஹிப் என்று அவற்றுக்குப் பெயர்கள். பனியின் வெளிச்சம் கண்ணைக் கெடுக்காமலிருக்க அவற்றுக்குக் கண்ணாடிகூடக் கொண்டுபோனார்கள். 1912 நவம்பர் 12 அன்று ஸ்காட்டின் கூடாரம் கிடைத்தது. சாகும் நிலையிலும் அவர்கள் தூக்கி எறியாமல் இழுத்துவந்த சுமார் 16 கிலோ கற்களும் கூடவே. அவற்றில் இருந்தது குளோசோப்டெரிஸ் இலை. இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்ததற்கான சாட்சியைத் தேடிக் கண்டெடுத்த கூட்டத்தில் ராணியும் பியாரியும் நின்றிருக்கின்றன. வரலாற்றுப் புத்தகங்கள் அவற்றைப் பொருட்படுத்துவதில்லை.

கொலாபா முதல் மைத்ரி வரை

மும்பைக்கும் அண்டார்டிகாவுக்கும் உள்ள அறிவியல் உறவு காந்த ஊசியில் தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி 1826-இல் கொலாபாவில் ஓர் ஆய்வகம் அமைத்தது. 1841 முதல் அங்கே பூமியின் காந்தப்புலத்தை அளந்து குறித்தார்கள். 1859 செப்டம்பரில் வரலாறு கண்ட மிகப் பெரிய சூரியக் காந்தப் புயல் பூமியைத் தாக்கியபோது, கொலாபாவில் ஊசி விழுந்த வீழ்ச்சியை ஊழியர்கள் எழுதிவைத்தார்கள். அந்தப் புயலின் வலிமையைக் கணக்கிட இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். பிறகு பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தது. டிராம் மின்சாரம் ஊசியைக் கலைக்கும் என்பதால், 1904-இல் கடலுக்கு அந்தப்பக்கம் அலிபாகில் ஒரு புதிய காந்த ஆய்வகத்தைத் தொடங்கினார்கள். ஓரிரு வருடங்கள் இரண்டு இடத்திலும் சேர்த்து அளந்து ஒப்பிட்ட பிறகே கொலாபாவை நிறுத்தினார்கள். நகரம் வளரும்போது அறிவியலுக்காக ஒதுங்கிக்கொண்ட அந்த நிதானம் இப்போது அபூர்வம்.

இந்த மரபின் வாரிசுதான் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம், இன்று நவி மும்பையின் நியூ பன்வெலில் இருக்கிறது. இந்தியாவின் முதல் அண்டார்டிகப் பயணத்திலிருந்தே அதன் ஆட்கள் போய்வருகிறார்கள். துருவத்தை நெருங்க நெருங்கக் காந்தக் கோடுகள் செங்குத்தாகத் தரைக்குள் இறங்குகின்றன. சூரியத் துகள்கள் அந்த வழியே நுழைந்து வானத்தைப் பச்சையாக ஒளிரவைக்கின்றன. அலிபாகில் கொஞ்சமாகத் தெரியும் அதிர்வு மைத்ரியில் பெரிதாகத் தெரியும்.

முதல் பயணம் 1981 டிசம்பர் 6 அன்று கோவாவிலிருந்து 'போலார் சர்க்கிள்' என்ற நார்வே வாடகைக் கப்பலில் கிளம்பியது. எஸ்.இசட். காசிம் தலைமையில் 21 பேர். ஊருக்குச் சத்தம் காட்டாமல் போனார்கள். 1982 ஜனவரி 9 அன்று இறங்கினார்கள். அடுத்த ஆண்டே, 1983-இல், அண்டார்டிக உடன்படிக்கையில் இந்தியா ஓட்டுரிமை உள்ள உறுப்பினர். 1983–84 பயணத்தில் சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகளும் போனார்கள்.

அந்தப் பயணத்தில் கட்டியதுதான் தட்சிண் கங்கோத்ரி. மரப்பலகைகளைப் பொருத்தி, பாறையில் அல்ல, பனித்தட்டின் மேலேயே எழுப்பிய வீடு. அது மூழ்கிய விதம் விநோதமானது. வீசும் காற்று வீட்டில் மோதி, சுமந்துவந்த பனியை அங்கேயே கொட்டும். வருடத்துக்கு வருடம் சுற்றிலும் பனி ஏற, வீடு கீழே போய்க்கொண்டே இருந்தது. ஜன்னல் மூடியது, கூரை மூடியது. கடைசியில் மேலேயிருந்து ஒரு திறப்பு வழியாக வீட்டுக்குள் இறங்கவேண்டிய நிலை. பனிக்கடியில், தலைக்கு மேல் பாரம் கூடிக்கொண்டே போக, ஜெனரேட்டர் சத்தத்தோடு பல மாத இருட்டைக் கழித்தார்கள். எண்பதுகளின் கடைசியில் அப்படி ஒரு குளிர்காலக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் திருவாரூர் மாவட்டம் சன்னாநல்லூரைச் சேர்ந்த கர்னல் பா. கணேசன். காவிரிப் படுகை வெயிலில் வளர்ந்தவர். 1990-இல் அந்த வீட்டைக் கைவிட்டார்கள்.

மைத்ரி 1989-இல் பாறைத்தரையில், ஷிர்மாக்கர் என்ற பனியில்லாத திட்டில் எழுந்தது. பக்கத்திலேயே குடிநீருக்கு ஓர் ஏரி, பிரியதர்ஷினி. பனிப்புயல் நாளில் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு இடையே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கவேண்டும். நீட்டிய கை தெரியாது. மே மாதக் கடைசியில் மறையும் சூரியன் ஏறத்தாழ இரண்டு மாதம் எட்டிப்பார்க்காது. பாரதி 2012 மார்ச்சில் வந்தது, மைத்ரிக்குக் கிழக்கே சுமார் 3,000 கிலோமீட்டரில், ஏமரிக்குச் சற்றுக் கிழக்கே, லார்ஸ்மன் குன்றுகளில். 134 கப்பல் கன்டெய்னர்களை அடுக்கி, மேலே உறை போட்டுக் கட்டியது. வடாலாவிலும் நவி மும்பைத் துறைமுகச் சாலையிலும் லாரி லாரியாகப் போகிற அதே ரகப் பெட்டிகள்.

கிங்ஸ் சர்க்கிளில் முடிகிற கோடு

கடல் சமமாக இருக்கும் என்று நினைக்கிறோம். இல்லை. ஈர்ப்பு அதிகமுள்ள பக்கம் தண்ணீர் குவியும், குறைந்த பக்கம் குழியும். கன்னியாகுமரிக்கும் இலங்கைக்கும் தெற்கே ஈர்ப்பு குறைந்திருப்பதால் கடல் நூறு மீட்டருக்கும் மேல் குழிந்து கிடக்கிறது. உலகிலேயே பெரிய குழி. அண்டார்டிகாவின் பனிமலையும் தன் எடையால் சுற்றியுள்ள கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரைந்தால் அந்த இழுப்பு தளரும். பக்கத்துக் கடல் தாழும். விட்டுப்போன தண்ணீர் தூரத்துக் கடல்களில் சேரும். எனவே மேற்கு அண்டார்டிகாவில் ஒரு பனியாறு கரைந்தால், இந்தியப் பெருங்கடலின் நம் பக்கத்துக்கு உலகச் சராசரியைவிடக் கூடுதல் பங்கு வரும். தூரமாக இருக்கிறோம், நமக்கென்ன என்று சொல்ல வழியில்லை. தூரமாக இருப்பதுதான் வினை.

இப்போது எவ்வளவு வருகிறது? 36,000 கோடி டன் பனி கடலில் சேர்ந்தால் கடல் ஒரு மில்லிமீட்டர் ஏறும். இந்த நூற்றாண்டில் அண்டார்டிகா சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 15,000 கோடி டன்னை இழந்துவருகிறது. அரை மில்லிமீட்டர்கூட இல்லை. சில ஆண்டுகள் கிழக்கில் பனிப்பொழிவு கூடி இழப்பு குறைந்ததும் உண்டு. மும்பை அப்போலோ பந்தரில் 1878-இலிருந்து கடல் மட்டத்தை அளக்கிறார்கள், ஆசியாவிலேயே நீண்ட பதிவுகளில் ஒன்று. கடந்த நூற்றாண்டில் அது காட்டிய ஏற்றம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 1993-க்குப் பிந்தைய செயற்கைக்கோள் கணக்கில் உலகச் சராசரி மூன்று மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது. ஆக, வருடாவருடம் காந்தி மார்க்கெட் முன்னால் முழங்கால் அளவு தண்ணீர் நிற்பதற்கு அண்டார்டிகாவைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கான குற்றவாளிகள் உள்ளூரிலேயே இருக்கிறார்கள்: அடைபட்ட நாலாக்கள், தூர்க்கப்பட்ட சதுப்புநிலம், வெள்ளைக்காரன் காலத்துக் குழாய்கள்.

ஆனால் மும்பையின் வடிகால் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். நகரத்து மழைநீர் பெரும்பாலும் பம்பு இல்லாமல், சரிவை நம்பியே கடலுக்கும் கழிமுகத்துக்கும் போகிறது. கடல்வாய்களில் பெரும்பாலானவை ஹை டைட் மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. கடல் ஏறிவிட்டால் மதகை மூடவேண்டும்; மூடினால் தெருவில் பெய்த மழை தெருவிலேயே நிற்கும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்பு நான்கரை மீட்டருக்கு மேல் ஹை டைட் வரும் நாட்களை மாநகராட்சி பட்டியல் போடுவது இதனால்தான். சென்ட்ரல் லைன் ரயிலைப் பிடிக்கிறவர்கள் வானிலை அறிக்கையோடு அந்தப் பட்டியலையும் பார்ப்பார்கள். கனமழையும் ஹை டைடும் ஒரே மணி நேரத்தில் வந்தால் கிங்ஸ் சர்க்கிள் ரயில் பாலத்தடியில் பெஸ்ட் பஸ் நின்றுவிடும். செம்பூர் போஸ்டல் காலனியில் கார்கள் மிதக்கும். மித்தி ஆறு மாஹிம் கழிமுகத்தில் சேரும் இடத்தை ஒட்டிய தாராவியில், கீழ்வீட்டுக்காரர்கள் ஃபிரிட்ஜைச் செங்கல் மேல் தூக்கி வைப்பார்கள். அங்கே தெருவை உயர்த்தினால் வீடு பள்ளமாகும். வீட்டை உயர்த்தினால் பக்கத்து வீடு பள்ளமாகும். பல சந்துகளில் வாசற்படி மூன்று முறை ஏறியதற்கான சிமெண்டு வரிகளை இன்றும் எண்ணிப் பார்க்கலாம்.

இப்படிச் சரிவே இல்லாத ஊரில் பத்து சென்டிமீட்டர் பெரிய விஷயம். கடல் பத்து சென்டிமீட்டர் ஏறினால் மூடிய மதகு அதிக நேரம் மூடியே இருக்கும். பட்டியலில் நாட்கள் கூடும்.

நூற்றாண்டின் முடிவில் எவ்வளவு ஏறும் என்பதற்கு ஐ.நா.வின் காலநிலைக் குழு 2021-இல் கொடுத்த விடை, நாம் விடும் புகையைப் பொறுத்து 28 சென்டிமீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வரை. கூடவே ஒரு எச்சரிக்கை: பனிப்பாளங்கள் எப்படி உடையும் என்பது சரியாகப் பிடிபடாததால், இரண்டு மீட்டரை நெருங்கும் வாய்ப்பையும் ஒதுக்கித் தள்ள முடியாது. அந்த ஒரு மீட்டர் இடைவெளியில் பெரும்பகுதி அண்டார்டிகாவைப் பற்றிய அறியாமை. பாரதியில் கன்டெய்னர் வீட்டில் உட்கார்ந்து பனியை அளக்கிறவர்கள் குறைக்கப் பார்ப்பது இந்த அறியாமையைத்தான்.

இங்கே கட்டவேண்டியது பம்பு. 1985 வெள்ளத்துக்குப் பிறகு தீட்டி, 1993-இல் அறிக்கையாக வந்த பிரிம்ஸ்டோவாட் திட்டத்தில் எட்டு மழைநீர் வெளியேற்று நிலையங்கள். ஹாஜி அலி, இர்லா, லவ்குரோவ் உட்பட ஆறு வந்துவிட்டன. வராதவற்றில் ஒன்று மாஹுல். வடாலா, மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள், செம்பூர் ஆகிய நம் தமிழர்கள் அடர்ந்து வாழும் பகுதிகளுக்கு என்று குறிக்கப்பட்ட நிலையம் அது. உப்பளத்து நிலம் யாருடையது, எப்படி மாற்றித் தருவது என்ற கடிதப் போக்குவரத்தில் ஆண்டுகள் ஓடிவிட்டன. இப்படி ஒரு நிலையத்தைக் கட்டினால் ஐம்பது வருடமாவது ஓடவேண்டும். நிலம் கிடைத்து வரைபடம் மேசைக்கு வரும்போது, எந்த ஆண்டின் ஹை டைட் மட்டத்துக்கு மதகு போடுகிறீர்கள் என்ற கேள்வியை மாட்டுங்கா, செம்பூர் வார்டுக் கூட்டங்களில் யாராவது எழுந்து கேட்கவேண்டும். 1993-இன் மட்டமா, 2075-இன் மட்டமா?